வண்டிக்குக் கணக்கு உண்டு, படுக்கைக்கு இல்லை: கொடைக்கானல் நகர்மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: நகர்மன்றத் தலைவர், ஆணையர், வார்டு உறுப்பினர்கள், கொடைக்கானல் நகராட்சி.

பொருள்: விடுதி, உணவகம், கடை, துப்புரவு வேலைக்கு மலையேறி வருவோரின் தங்குமிடம்.

மதிப்பிற்குரியவர்களுக்கு, வணக்கம்.

2024 மே 7 முதல் இ-பாஸ் இல்லாமல் சுற்றுலா வண்டி எதுவும் மேலே ஏற முடியாது. அடுத்த ஆண்டு சீசனுக்கு உயர் நீதிமன்றம் வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 என்று வண்டிகளுக்கு எல்லையும் போட்டது. எந்த வண்டி, எத்தனை பேர், எத்தனை நாள் என்பதெல்லாம் கணினியில் இருக்கிறது. அந்த வண்டியில் வருகிறவருக்கு மெத்தை விரித்து, வெந்நீர் பிடித்துக் கொடுத்து, தோசை ஊற்றிப் போட்டு, குப்பையை அள்ளுகிற ஆள் இரவு எங்கே படுக்கிறார் என்பதற்கு மட்டும் எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரி கிடையாது.

நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று. விடுதிக்கும் உணவகத்துக்கும் தொழில் உரிமம் புதுப்பிக்கிற படிவத்தில், அறை எண்ணிக்கைக்கு அடுத்த கட்டத்தில் ‘வேலையாள் படுக்கை எத்தனை, எங்கே’ என்று ஒரு கட்டம் வேண்டும். அதில் எழுதியது உண்மைதானா என்று மே மாதத்தில் போய்ப் பார்க்க வேண்டும். இந்த மடலின் மீதி முழுவதும் அந்த ஒரு கட்டத்தை எப்படி நிரப்புவது என்பதைப் பற்றியதுதான்.

மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். ஏரியை வெட்டியவர் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச், 1863-ல். 1985-ல் திண்டுக்கல் மாவட்டம் பிரியும் வரை கொடைக்கானல் மதுரை மாவட்டம்தான். இன்றைக்கும் உசிலம்பட்டி, நிலக்கோட்டை, வத்தலகுண்டு, பெரியகுளம், தேனிப் பக்கத்துப் பையன்களும் பெண்களும்தான் சீசனுக்கு மூட்டை கட்டிக்கொண்டு மேலே போகிறார்கள். அவர்களோடு இப்போது அசாம், ஒடிசா, ஜார்க்கண்ட் ஆட்களும் சேர்ந்திருக்கிறார்கள். கீழ்நாட்டில் கட்டட வேலை, பிளம்பிங், வயரிங், கணக்கு என்று இதே தொழில்களில் இருப்பவர்கள் சேர்ந்து எழுதுகிற மடல் இது.

முதலில் எத்தனை பேர் என்ற கணக்கு. இருபது அறையும் சின்ன உணவகமும் உள்ள ஒரு விடுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அறை காலியாகிற நாளில் ஒரு ரூம் பாய் பத்துப் பன்னிரண்டு அறையைத்தான் ஒழுங்காகச் சுத்தம் செய்ய முடியும். ஆக இரண்டு பேர், லீவு நாளுக்கு மாற்றாள் ஒருவர். ரிசப்ஷனுக்கு மூன்று ஷிப்டுக்கு மூன்று பேர். இரவுக் காவல், பகல் காவல் இரண்டு. மோட்டார், கீசர், பல்பு பார்க்க ஒருவர். அடுப்படியில் மாஸ்டர் இருவர், எடுபிடி இருவர், சப்ளையர் மூவர். மொத்தம் பதினாறு. இதில் ஆறு பேர் உள்ளூர் என்றே வைத்தாலும் பத்துப் பேருக்கு அங்கேயே படுக்கை வேண்டும். வரைபடம் அங்கீகாரத்துக்கு வந்தபோது இந்தப் பத்துப் பேரும் அதில் இல்லை. அறை இருந்தது, பார்க்கிங் இருந்தது, ஜெனரேட்டர் வைக்க இடம்கூட இருந்தது.

‘நாலு அறைக்கு ஒரு படுக்கை’ என்று விகிதம் வைத்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். விகிதம் வைத்தால் அறையைக் குறைத்துக் காட்டுவார்கள். நாற்பது அறைக் கட்டடம் தாளில் இருபத்தெட்டு அறை ஆகிவிடும். ஆளை எண்ணுங்கள். அதற்கு வேண்டிய ஆவணங்கள் ஏற்கெனவே உங்கள் அலுவலகத்தில் இருக்கின்றன.

ஒன்று தொழில் வரி. அரையாண்டுச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேல் போனாலே அந்தத் தொழிலாளிக்காக நிர்வாகம் நகராட்சிக்குத் தொழில் வரி பிடித்துக் கட்ட வேண்டும். மாதம் 3,500 ரூபாய்க்கும் குறைவாகச் சம்பளம் வாங்குகிறவர் இன்று எந்த விடுதியிலும் இருக்க முடியாது. அப்படியானால் பதினாறு பேர் வேலை பார்க்கும் விடுதி பதினாறு பேருக்கு வரி கட்டியிருக்க வேண்டும். நாலு பேருக்குத்தான் கட்டியிருந்தால் வரி பாக்கியும் தெரிகிறது, மறைந்திருக்கும் ஆளும் தெரிகிறார். இரண்டாவது, வெளிமாநில ஆட்களைப் பதிவு செய்யத் தொழிலாளர் துறை வைத்திருக்கும் இணையதளம். மூன்றாவது, உங்கள் சுகாதாரப் பிரிவு உணவகங்களில் கேட்கிற பணியாளர் மருத்துவச் சான்றிதழ்க் கட்டு. மூன்றையும் ஒரே மேசையில் வைத்து விடுதி வாரியாக ஒப்பிட, ஒரு வருவாய் உதவியாளரும் ஒரு சுகாதார ஆய்வாளரும் சேர்ந்தால் சில வாரங்கள் போதும். இதற்கென்று தனியாரை டெண்டர் விட்டு சர்வே எடுக்கத் தேவையில்லை.

இப்போது அந்த ஆட்கள் படுக்கும் இடங்கள். மாடிப்படிக்குக் கீழே, துணி வெளுக்கும் அறையில், ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில், சீசன் உச்சத்தில் டைனிங் ஹாலில் மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு. டிரைவர்கள் வண்டியிலேயே. பத்துப் படுக்கைக்கு இருபது பேர் என்று பகல் ஷிப்டும் இரவு ஷிப்டும் ஒரே கட்டிலை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதும் உண்டு. படிவத்தில் இந்தத் தந்திரத்தை அடைக்க ‘படுக்கை’ என்பதற்கு ‘ஒரு நபருக்கு ஒன்று’ என்ற விளக்கம் சேர்க்க வேண்டும்.

கொஞ்சம் வசதியான நிர்வாகம் நாயுடுபுரத்திலோ ஆனந்தகிரியிலோ ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து அதில் இருபது பேரைப் போடுகிறது. பார்க்க இது நல்ல ஏற்பாடு. கெடுவது வீட்டுக்குப் பின்னால் மண்ணுக்குள்.

குடும்ப வீட்டின் செப்டிக் டேங்க் ஐந்து பேருக்கானது. இந்தியத் தர நிர்ணயப்படி அதன் அளவு 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், ஒரு மீட்டர் நீராழம். ஏறத்தாழ 1,100 லிட்டர். இருபது பேருக்கு 2.3 மீட்டர் நீளம், 1.1 அகலம், 1.3 ஆழம் வேண்டும். அதாவது 3,300 லிட்டர் அளவில். மூன்றில் ஒரு பங்குத் தொட்டியில் நான்கு மடங்கு ஆட்கள் என்றால் கழிவு படிவதற்கு வேண்டிய நேரம் கிடைக்காது. கசடு அப்படியே உறிஞ்சு குழிக்குப் போய் மண்ணின் துளைகளை அடைக்கும். கொடைக்கானல் குளிரில் இன்னொரு சிக்கலும் உண்டு. தொட்டிக்குள் கழிவை அழிக்கிற நுண்ணுயிர்கள் குளிரில் மெதுவாக வேலை செய்யும். மதுரையில் மூன்று வருடம் தாங்குகிற தொட்டி மேலே அவ்வளவு தாங்காது. குழி அடைத்த பிறகு நீர் எங்கே போகும்? சரிவில் கீழ்வீட்டுத் தடுப்புச்சுவரின் நீர்க்கண் (நீர் வடிய விடும் துளை) வழியே கசிந்து வெளியே வரும். நீர்க்கண் விடாத சுவர் என்றால் பின்னால் மண் ஊறிக் கனத்து, ஐப்பசி மழையில் சுவர் வயிறு தள்ளி, பிறகு சரியும். சரிந்தபின் பத்திரிகையில் ‘கனமழையால்’ என்று வரும். அடைப்பு மழைக்கு ஆறு மாதம் முன்பே தொடங்கியிருக்கும். அந்தக் கழிவு ஓடைக்கு வந்துவிட்டால் போய்ச் சேருகிற இடம் ஏரி. ஏரியில் தாமரையும் களையும் மண்டுவதற்கு ஆண்டுதோறும் செலவு செய்கிறீர்கள். அதன் உரம் இங்கிருந்தும் போகிறது.

ஆகவே பாதாளச் சாக்கடை எட்டாத தெருவில் வேலையாட்களைத் தங்கவைக்கும் வீடு ஒவ்வொன்றுக்கும் தொட்டியின் அளவைக் குச்சி விட்டுப் பார்த்து எழுதுங்கள். 12 பேருக்கு மேல் தங்கினால் பெரிய தொட்டி. கசடு எடுத்த லாரியின் ரசீது ஆண்டுக்கொன்று. எங்கள் அனுபவத்தில் இந்த ஒரு ரசீதைக் கேட்டாலே பாதி விஷயம் வெளியே வந்துவிடும்.

தண்ணீர்க் கணக்கும் இதே கதைதான். தேசியக் கட்டட விதித் தொகுப்பின்படி விடுதிப் படுக்கைக்கு நாளொன்றுக்கு 180 லிட்டர். பணியாளர் விடுதிக்கு ஆளுக்கு 135 லிட்டர். இருபது அறையில் நாற்பது படுக்கை என்றால் 7,200 லிட்டர். வெளியூர் ஆட்கள் பத்துப் பேருக்கு 1,350 லிட்டர். முதல் கணக்குக்குத்தான் இணைப்பும் தொட்டியும் இருக்கும். இரண்டாவது கணக்கு, நாலரை நாளைக்கு ஒரு 6,000 லிட்டர் லாரியாகத் தெருவில் நிற்கிறது. மனோரத்தினம் சோலை அணையும் மேல் அணையும் வற்றுகிற பங்குனி, சித்திரையில்தான் சீசனும் தொடங்குகிறது. அப்போது லாரித் தண்ணீர் முதலில் விருந்தினர் தொட்டிக்குப் போகும். வேலையாளுக்குக் குளியல் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஆகும். உணவைத் தொடுகிறவர்கள் அவர்கள்தான் என்பதைச் சுகாதாரப் பிரிவு யோசித்துப் பார்க்கலாம்.

இனி உயிரோடு சம்பந்தப்பட்ட இரண்டு விஷயங்கள். தகரக் கொட்டகையில் குளிர் தாங்காமல் கரி அடுப்பை உள்ளே இழுத்துவைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பது. கரி கனன்று எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, புகையும் தெரியாது. தூக்கத்தில் இருப்பவர் எழுந்திருக்க மாட்டார். ‘கரி அடுப்பு வைக்காதே’ என்று தமிழில் மட்டும் எழுதி ஒட்டினால் ஒடிசாக்காரர் படிக்க முடியாது. ஒட்டுவதை விடத் தேவையானது தகரத்துக்குக் கீழே ஒரு மரப்பலகை சீலிங்கும், ஆளுக்கு இரண்டு கம்பளியும், கூரைக்கு அருகே அடைக்க முடியாத ஒரு சாண் அகலக் காற்றுத் துவாரமும்.

இன்னொன்று வாளியில் போடுகிற ஹீட்டர் காயில். ஒரு காயில் 1,500 வாட், அதாவது ஆறரை ஆம்பியர். சாதாரண வீட்டு வயரிங்கில் 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி. ஒரே லைனில் இரண்டு காயில் 13 ஆம்பியர் வரை எப்படியோ தாங்கும். காலை ஐந்தரை மணிக்கு மூன்றாவது ஆள் செருகினால் இருபதைத் தொடும். கம்பி சூடாகி உறை இளகும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று அதற்குத் தடித்த செம்புக் கம்பி சுற்றிவைத்திருந்தால் எரிவது சுவருக்குள் இருக்கும் கம்பிதான். பொதுக் கீசர் ஒன்று, அதற்குத் தனியாக 4 சதுர மில்லிமீட்டர் கம்பி, மெயினில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான். இது பெரிய செலவில்லை. சூரிய வெந்நீர்க் கலன் வைத்தால் நல்லதுதான், ஆனால் மேகம் மூடிய வாரத்தில் அது தண்ணீர்த் தொட்டி மட்டுமே. மின்சாரத் துணை இல்லாமல் அனுமதிக்காதீர்கள்.

துணி காயப்போட ஒரு அறை. சிரிக்காதீர்கள். மூடுபனியில் யூனிஃபார்ம் இரண்டு நாளானாலும் காயாது. ஈரத்துணியைப் படுக்கை அறையிலேயே கொடி கட்டிப் போடுவார்கள். சுவரில் பூஞ்சை ஏறும், இருமல் ஒருவரிடமிருந்து எல்லோருக்கும் பரவும். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு அறை, நான்கு வரிசைக் கொடி, ஈரக்காற்றை வெளியே தள்ளும் மின்விசிறி ஒன்று. மலையில் பணியாளர் விடுதி கட்டுகிறவர்கள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான், ஏனென்றால் வரைபடம் போடுகிறவர் கீழ்நாட்டுக்காரர்.

சரி, ஏன் வாடகைக்கு வீடு கிடைப்பதில்லை? கிடைக்கிற வீடெல்லாம் காட்டேஜ் ஆகிவிட்டது. மாத வாடகை தருவதை சீசனில் இரண்டு வார இறுதியே தந்துவிடும்போது யார் குடும்பத்துக்கு விடுவார்? வீட்டுக்காரரைக் குறை சொல்லி ஆவது ஒன்றுமில்லை. ஆனால் குடியிருப்பு என்று சொத்து வரி கட்டி, வீட்டு இணைப்பில் 100 யூனிட் இலவச மின்சாரமும் வாங்கிக்கொண்டு, அறையை நாள் வாடகைக்கு விடுவதைக் குறை சொல்லலாம். ஹோம்ஸ்டே என்றால் உரிமையாளர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். பூட்டிய வீட்டின் சாவியைப் பக்கத்துப் பெட்டிக்கடையில் வைத்துவிட்டு மதுரையிலிருந்து போனில் நடத்துவதற்குப் பெயர் லாட்ஜ். இணையத்தில் விளம்பரமாகும் காட்டேஜ் பட்டியலை வார்டு வாரியாக எடுத்து, சொத்து வரிப் பதிவேட்டில் அதே கதவு எண்ணுக்கு எதிரே ‘குடியிருப்பு’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். கண்டுபிடித்ததற்கு வணிகக் கட்டடத்துக்கான சொத்து வரி போடுங்கள். அப்போது மாத வாடகைக்கு விடுவதும் காட்டேஜ் விடுவதும் ஒன்றுக்கொன்று கொஞ்சம் அருகில் வரும். எல்லா வீடும் திரும்பாது. பத்தில் ஒன்று திரும்பினாலும் போதும்.

வாடகைக்குப் போகிறவருக்கு இன்னொரு தடை முன்பணம். ஒத்தி என்றால் லட்சக்கணக்கில் மொத்தமாக வைக்க வேண்டும், வாடகை என்றால் பத்து மாத அட்வான்ஸ். சப்ளையர் வேலைக்கு வந்தவரிடம் அது ஏது? 2017-ல் இயற்றி 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. எழுத்து ஒப்பந்தம் போட்டு 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் சொல்கிறது. இதைச் செயல்படுத்துவது நகராட்சியின் வேலை இல்லை என்பது தெரியும். ஆனால் வரி வசூல் மையத்தில் ஒரு உதவி மேசை போட்டு அந்தப் பதிவைச் செய்துகொடுக்கலாம். பதிவான வாடகை வீடு எது என்ற பட்டியலும் அப்போது உங்களுக்கே கிடைக்கும்.

புதிதாகக் கட்டுவது பற்றி. பெரிய குடியிருப்பு ஒன்றை மலையில் எழுப்புங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. மலைப்பகுதிக் கட்டட விதியில் உயரம் 7 மீட்டர்தான், அது அப்படியே இருக்கட்டும். அந்த 7 மீட்டருக்குள் இரண்டு தளமும் சாய்வுக் கூரையும் வரும். தளத்துக்கு 200 சதுர மீட்டர், அதாவது ஐந்து சென்ட் என்று வைத்தால் மொத்தம் 400 சதுர மீட்டர். 2020-ல் மத்திய அரசு அறிவித்த குறைந்த வாடகைக் குடியிருப்புத் திட்டத்தில் கூட்டு அறைப் படுக்கை ஒன்றுக்கு 10 சதுர மீட்டர் கணக்கு. ஆக நாற்பது படுக்கை. சுற்றிலும் விட வேண்டிய இடத்தோடு பத்து, பன்னிரண்டு சென்ட் நிலம். எட்டு ஆண்களுக்கு ஒரு கழிப்பறை, பெண்கள் என்றால் ஆறு பேருக்கு ஒன்று. தண்ணீர் நாளுக்கு 5,400 லிட்டர். லாரி வராத மூன்று நாளைத் தாங்க 16,000 லிட்டர் நிலத்தொட்டி. கொடைக்கானலில் ஆண்டு மழை ஏறத்தாழ 1,600 மில்லிமீட்டர். 200 சதுர மீட்டர் கூரையில் எண்பது சதவீதம் பிடித்தால் இரண்டரை லட்சம் லிட்டர், நாற்பத்தேழு நாளைக்கான தண்ணீர். கோடைக்குச் சேர்த்துவைக்க அவ்வளவு பெரிய தொட்டி கட்ட முடியாது. மழைக்காலத்தில் அதை அன்றன்றே கழிப்பறைக்கும் துணிக்கும் செலவழித்து அணைத் தண்ணீரை மிச்சப்படுத்துவதுதான் கணக்கு.

இப்படி நாற்பது படுக்கையாகச் சிறியதாக, பல இடத்தில். ஒரே இடத்தில் நானூறு வேண்டாம். சரிவைப் பெரிதாக வெட்டினால் புவியியல் துறை, வேளாண் பொறியியல் துறை, வனத்துறை மூன்றும் தடையில்லாச் சான்று தர யோசிக்கும், யோசிப்பதும் நியாயம். நகராட்சிக்குச் சொந்தமான பழைய கட்டடங்களில் எவை ஆறு மாதமாகப் பூட்டிக் கிடக்கின்றன என்று முதலில் ஒரு பட்டியல் எடுங்கள். கட்டிய சுவருக்குள் படுக்கை போடுவதற்கு மலையை வெட்ட வேண்டியதில்லை.

ஏமாற்று எங்கே நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். வரைபடத்தில் ‘பணியாளர் குடியிருப்பு’, இரண்டு வருடம் கழித்து வாசலில் ‘வேலி வியூ காட்டேஜ்’. நீதிமன்ற உத்தரவால் சீல் வைத்த கட்டடத்தைக்கூட ‘வேலையாட்களுக்குத் தருகிறேன், திறந்துவிடுங்கள்’ என்று ஒருவர் மனு கொடுப்பார். விதிமீறலைக் கழுவிக்கொள்ளும் தீர்த்தமாக வேலையாள் படுக்கை ஆகிவிடக் கூடாது. சலுகை எதுவும் தராதீர்கள். ஆய்வுக்கு மாசி மாதச் செவ்வாய்க்கிழமை போகாதீர்கள், அன்றைக்கு எல்லாக் கட்டிலும் காலியாக அழகாக இருக்கும். மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு பதினோரு மணிக்குப் போங்கள். யார் படுத்திருக்கிறார்கள் என்று கண்ணால் தெரியும்.

சட்ட நிலைமையையும் மறைக்கவில்லை. தொழில் உரிமத்தில் புது நிபந்தனை சேர்ப்பதென்றால் துணைவிதி வேண்டும், அரசின் ஒப்புதல் வேண்டும். அவசரப்பட்டு வெறும் தீர்மானத்தை வைத்துக்கொண்டு நோட்டீஸ் அனுப்பினால் யாராவது ஒருவர் மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் தடை வாங்கிவிடுவார், பிறகு ஐந்து வருடத்துக்கு யாரும் இதைத் தொட மாட்டார்கள். முதல் ஆண்டு உரிமையாளரே எழுதித் தரும் விவரம் மட்டும். இரண்டாம் ஆண்டு கழிப்பறை, மின்சாரம், செப்டிக் டேங்க் சரிபார்ப்பு. இவை நடப்பில் உள்ள சட்டங்களுக்குள் ஏற்கெனவே இருப்பவை. மூன்றாம் ஆண்டு துணைவிதி. பத்து அறைக்குக் கீழே உள்ள சின்ன லாட்ஜ்காரரால் தனியாகப் படுக்கை காட்ட முடியாது. அவர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு வீட்டைப் பொதுவாக எடுக்க இடம் கொடுங்கள்.

முன்மாதிரி இல்லை என்று சொல்லிவிட முடியாது. இதே பழனி மலைத்தொடரின் காப்பி எஸ்டேட்டுகள் உட்பட, தோட்டத் தொழிலாளருக்கு வீடு தருவது முதலாளியின் கடமை என்று 1951-லேயே சட்டம் வந்தது. அந்த லயன் வீடுகளின், அதாவது வரிசை வீடுகளின், லட்சணம் எப்படி இருந்தது என்பது வேறு விஷயம். ஆனால் அந்த வீடுகளில் என்ன நடந்தது என்பதிலும் ஒரு பாடம் உண்டு. வேலை போனால் வீடும் போயிற்று. விடுதியிலும் இன்று அதுதான் நடக்கிறது. மாஸ்டரோடு வாய்த்தகராறு, ‘கணக்கை முடித்துக்கொள்’ என்ற ஒரு சொல், ராத்திரி ஒன்பது மணிக்கு மூட்டையோடு பேருந்து நிலையம். கடைசி பஸ் போயிருக்கும். படுக்கை விவரப் படிவத்திலேயே ‘வேலை நின்றாலும் 15 நாள் தங்கலாம்’ என்ற வரி இருந்தால் இது நின்றுவிடும். படுக்கைக்குச் சம்பளத்தில் பிடித்தம் செய்தால் எவ்வளவு என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

ஊருக்குள் இடமில்லை, பெருமாள்மலையில் தங்கட்டும் என்று சொல்வீர்களானால், தங்கலாம். பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் உணவகம் மூடி அடுப்படி கழுவி முடிக்க பத்தரை ஆகும். அதற்குப் பிறகு ஒரு பஸ் வேண்டும், காலை ஐந்தேகாலுக்கு மேலே வர ஒரு பஸ் வேண்டும். 2024-25 வரவு செலவுத் திட்டத்தில் மகளிர் விடியல் பயணத்தை மலைப்பகுதிக்கும் விரிவாக்குவதாக அரசு அறிவித்தது. இலவசமாக இருந்தும் அந்த நேரத்தில் பஸ் ஓடவில்லை என்றால் என்ன பயன்? போக்குவரத்துக் கழகத்துக்கு மன்றம் எழுதும்போது ‘கூடுதல் பேருந்து தேவை’ என்று பொதுவாக எழுதாமல் இந்த இரண்டு நடையையும் நேரத்தோடு எழுதுங்கள்.

வத்தலகுண்டிலிருந்து தினமும் வந்து போகட்டும் என்று மட்டும் சொல்ல வேண்டாம். காட்ரோட்டில் ஏற இரண்டரை மணி, இறங்க இரண்டரை மணி. அதுபோக வேலை பத்து மணி நேரம்.

ஊருக்குள்ளேயே தங்குகிறவர்களுக்கும் இரவு நடை ஆபத்துதான். பதினோரு மணிக்குக் குறுக்குவழிப் படிக்கட்டில் இறங்கும்போது எதிரே காட்டுமாடு நிற்கும். இருட்டில் பத்தடி வரை தெரியாது. ஏரிச்சாலையில் அலங்கார விளக்கு போதுமான அளவு இருக்கிறது. மூஞ்சிக்கல், இந்திரா நகர்ப் படிக்கட்டுகளுக்கு எல்.ஈ.டி. விளக்கு வேண்டும். உணவுக் கழிவை மூடியில்லாத தொட்டியில் அந்தப் படிக்கட்டு ஓரம் வைப்பதையும் நிறுத்த வேண்டும், மாடும் பன்றியும் அங்கே வருவது அதற்காகத்தான்.

பெண்களுக்குத் தனியாக ஒரு சொல். மாநிலத்தின் பல நகரங்களில் வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசு தோழி விடுதி நடத்துகிறது. கொடைக்கானலுக்கு ஒன்று கேட்டு மன்றம் தீர்மானம் அனுப்ப வேண்டும். கேட்கும்போது நகராட்சி இடத்தின் சர்வே எண்ணையும் பரப்பையும் சேர்த்து அனுப்பினால் கோப்பு நகரும். இடம் சொல்லாத கோரிக்கை ‘இடம் தேர்வு செய்து அனுப்பவும்’ என்று திரும்பி வரும், அதில் ஒரு வருடம் போய்விடும்.

தூய்மைப் பணியாளர்கள் உங்கள் ஆட்களே. நிரந்தரப் பணியாளர், ஒப்பந்தப் பணியாளர் இருவருக்கும் சேர்த்து முதல் படிவத்தை நகராட்சியே நிரப்பட்டும். ஆணையர் கையெழுத்தோடு அந்தத் தாள் அலுவலக அறிவிப்புப் பலகையில் இருந்தால், விடுதி உரிமையாளர் ‘முதலில் நீங்கள் செய்தீர்களா’ என்று கேட்க வாய் வராது.

கடைசியாக, யார் பேச முடியும் என்ற கேள்வி. வார்டு பகுதி சபையில் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்தான் உறுப்பினர். வேலைக்கு வந்தவர் பெயர் உசிலம்பட்டியிலோ கட்டாக்கிலோ இருக்கும். ஆக, அவர் படுக்கையைப் பற்றி அவரைத் தவிர எல்லோரும் பேசலாம். ஆண்டுக்கு இரண்டு முறை, சீசனுக்கு முன் ஒன்றும் பின் ஒன்றும், மன்றம் இவர்களைக் கேட்கும் கூட்டம் நடத்தலாம். புதன்கிழமை மாலை மூன்று முதல் ஐந்து வரை என்று வையுங்கள். மதியச் சாப்பாடு முடிந்து இரவு வேலை தொடங்குமுன் அவர்களுக்குக் கிடைக்கிற இடைவெளி அதுதான். ஞாயிறு காலை பத்து மணிக்கு வைத்தால் முதலாளிகள் மட்டும் வருவார்கள்.

மாதக் கூட்டத்தின் பொருள் தாளில் இது ‘இதர’ என்ற தலைப்பின் கீழ், மூன்று நிமிடத்தில் வாசித்துத் தீர்க்கும் வரியாக வர வேண்டாம். தாளைக் கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பே பலகையில் ஒட்டுங்கள். எழுத்தருக்கு வேலை மிச்சமாகட்டும் என்று தீர்மான வாசகத்தையும் எழுதிவிட்டோம்:

‘கொடைக்கானல் நகராட்சி எல்லைக்குள் தொழில் உரிமம் பெறும் தங்கும் விடுதி, காட்டேஜ், உணவகம் ஒவ்வொன்றும் உரிமம் புதுப்பிக்கும் விண்ணப்பத்துடன், ஏப்ரல் முதல் ஜூன் வரை வேலை செய்யும் ஆட்களின் எண்ணிக்கை, அவர்களில் வெளியூர் ஆட்களின் எண்ணிக்கை, நபருக்கு ஒன்று வீதம் படுக்கை அமைந்துள்ள கதவு எண், கழிப்பறை எண்ணிக்கை, செப்டிக் டேங்கின் நீளம், அகலம், ஆழம், கடைசியாகக் கசடு எடுத்த தேதி ஆகியவற்றை இணைக்க வேண்டும் எனவும், இவ்விவரங்களைத் தொழில் வரிப் பதிவேட்டுடன் ஒப்பிட்டு ஜூன் மாதக் கூட்டத்தில் வார்டு வாரியாக வைக்க ஆணையரைக் கேட்டுக்கொள்வது எனவும் மன்றம் தீர்மானிக்கிறது.’

இதை முன்மொழிய ஒரு உறுப்பினர், வழிமொழிய ஒரு உறுப்பினர் போதும். படிவத்தின் மாதிரியை ஒரே பக்கத்தில் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் தயாரித்து வைத்திருக்கிறோம். அடுத்த கூட்டத்துக்கு முன் அலுவலகத்தில் கொண்டுவந்து கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மதுரை, உசிலம்பட்டி, நிலக்கோட்டை, வத்தலகுண்டு வட்டாரத்துக் கட்டட, குழாய், மின்பணி, கணக்குத் தொழிலாளர்கள் சிலர்